யார் கை முழம்? கென்டக்கியின் நோவா பேழை: ஒரு மதிப்புரை

சின்சினாட்டி நகரிலிருந்து 75ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே முக்கால் மணி நேரம் சென்றால், கென்டக்கி மாநிலத்தின் வில்லியம்ஸ்டவுன் வருகிறது. வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் சொல்லும் ஜலப்பிரளயம், அதாவது நோவா பேழை கட்டித் தன் குடும்பத்தையும் விலங்குகளையும் காத்த பெருவெள்ளம், எழுத்துக்கு எழுத்து நடந்த வரலாறு என்று வாதிடும் 'ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்' அமைப்பு, அந்த வாதத்துக்குச் சாட்சியாக மரத்தில் எழுப்பிய நோவாவின் பேழை, 2016 ஜூலை முதல் இங்கே நின்றுகொண்டிருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாரோடு ஒரு முழுநாளை அதில் செலவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வசனத்தை உள்ளது உள்ளபடியே ஏற்பவர். நானோ ஓய்வுநாள் பள்ளியில் அதே வசனங்களை மனப்பாடம் செய்துவிட்டு, பிறகு நிலவியல் படித்தவன்.

முதலில் பாராட்டு. வாகனத்தை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறி, வளைவு திரும்பியதும் 510 அடி நீளத்தில், 51 அடி உயரத்தில் அந்த மரச்சுவர் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது, எந்தக் கட்சிக்காரருக்கும் பேச்சு நின்றுவிடும். இணைப்புகளில் தச்சு வேலை அவ்வளவு நேர்த்தி. ஒட்டகச்சிவிங்கி தலை நீட்டும் குட்டித் தொட்டிப் படகாகப் பேழையை வரைந்த சிறுவர் நூல்களைக் கண்டிக்கும் ஓர் அறை உள்ளே இருக்கிறது. அந்தக் கண்டனத்தில் நானும் அவர்கள் பக்கமே.

சிக்கல் முழத்திலேயே தொடங்குகிறது. "நீளம் முந்நூறு முழம்" என்பதை அடியாக்க, இவர்கள் 20.4 அங்குல முழத்தை எடுத்திருக்கிறார்கள். நாம் பொதுவாகக் கொள்ளும் 18 அங்குல முழத்தை எடுத்தால் பேழை 450 அடியோடு நின்றுவிடும். பூ வாங்கும் எவருக்கும் தெரிந்த கேள்விதான் இது: யார் கை முழம்? வசனம் அதைச் சொல்லவில்லை; ஆகவே முதல் பலகையை அறுப்பதற்கு முன்பே ஒருவர் வியாக்கியானம் செய்தாக வேண்டியிருக்கிறது.

உள்ளே மூன்று தளங்களிலும் இதே கதைதான். காற்றோட்டம், தீவன ஏற்பாடு, கழிவு அகற்றும் பொறி, நோவாவின் குடும்பம் தங்கிய அறைகள் என்று எதைப் பார்த்தாலும் அது ஆதியாகமத்தின் நான்கு அதிகாரங்களில் இல்லாதது. கலைஞரின் கற்பனையும் கலந்திருப்பதாக அவர்களே அறிவிப்புப் பலகை வைத்திருப்பது நேர்மை. ஆனால் எழுத்தின்படி வாசிப்பதுதான் நேரான வாசிப்பு என்பவர்களுக்கே இத்தனை கற்பனை தேவைப்படுவதுதான் இந்தக் காட்சியகத்தின் மிகச் சுவையான காட்சிப்பொருள்.

விலங்குக் கணக்கைப் பாருங்கள். இனம் இனமாக அல்லாமல், நெருங்கிய பல இனங்களை ஒன்றாகச் சேர்த்த 'வகை' வகையாக ஏற்றியதால் 7,000க்கும் குறைவான உயிர்களே போதும் என்கிறார்கள். கூண்டுகளில் டைனோசர்களும் உண்டு. அப்படியானால் அந்தச் சில வகைகளிலிருந்து இன்றைய இனங்கள் அத்தனையும், அவர்கள் கணக்கில் வெள்ளத்துக்குப் பின் கடந்த சுமார் 4,300 ஆண்டுகளுக்குள் பிரிந்து பெருகியிருக்க வேண்டும். பரிணாமத்தை மறுப்பவர்கள், எந்த உயிரியலாளரும் கேட்டிராத வேகத்தில் ஒரு பரிணாமத்தைக் கேட்கிறார்கள். கலிபோர்னியாவிலோ 4,800 வயதைத் தாண்டிய பைன் மரம் ஒன்று இன்னும் உயிரோடு நிற்கிறது. வசனக் கணக்கில் ஓராண்டுக்கும் மேல் நீடித்த வெள்ளத்தில் அது எப்படிப் பிழைத்தது என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

மிதக்குமா என்பது அடுத்த கேள்வி. 1909இல் மேய்ன் மாநிலத்தில் கட்டிய 'வயோமிங்' என்ற மரக்கப்பலின் மேல்தளம் சுமார் 350 அடி நீளம்தான். இரும்புப் பட்டைகளால் இறுக்கியும் அலையில் அதன் பலகைகள் நெளிந்து நீர் புகுந்தது, இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1924இல் ஆட்களோடு மூழ்கிப்போனது. வில்லியம்ஸ்டவுன் பேழைக்கு அந்தச் சோதனை இல்லை. அது கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கிறது.

திரும்பும் வழியில், கிராமச் சாலையோரம் சரிந்து கிடந்த சுண்ணாம்புக் கல் ஒன்றை எடுத்து மாமாவிடம் காட்டினேன். அப்பகுதிப் பாறை சுமார் 45 கோடி ஆண்டுப் பழமையான கடலடி. கல் முழுக்கச் சிப்பி போன்ற ஓடுகள். ஓர் ஓட்டின் மேல் பவளம் போலக் கூட்டமாக வாழும் சிற்றுயிர்கள் வலை பின்னி வளர்ந்திருந்தன.

"வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டதுதானே, மாப்பிள்ளை?" என்றார்.

செத்த ஓட்டின் மேல் இன்னொன்று குடியேறி நிதானமாக வளர அமைதியான நீரும் காலமும் வேண்டும், அதுவும் இப்படி அடுக்கடுக்காக என்றேன். ஆங்கிலத் திருச்சபையின் குருவாகவும் நிலவியலாளராகவும் இருந்த ஆடம் செட்ஜ்விக், பிரளயக் கொள்கையைத் தாம் முன்பு ஏற்றது தவறு என்று 1831இலேயே லண்டன் நிலவியல் சங்கத்தின் தலைவராக அறிவித்ததையும் சொன்னேன். மாமா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒப்புக்கொள்ளவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

செல்பவர்கள் அரைநாளாவது ஒதுக்குங்கள். வாகனம் நிறுத்தத் தனிக் கட்டணம் உண்டு. முதல்நாள் இரவே ஆதியாகமம் 6 முதல் 9 வரை வாசித்துவிட்டுப் போனால், எது வசனம், எது வர்ணனை என்று பிரித்துப் பார்ப்பது எளிது. வளாகத்தின் பெரிய உணவகத்துக்கு 'எம்சாராவின் சமையலறை' என்று பெயர். எம்சாரா யார் என்று நண்பகலில் மாமா கேட்டபோது, நோவாவின் மனைவி என்றும், நம் வேதாகமத்தில் அவருக்குப் பெயரே கிடையாது, அதில் சேராத யூபிலிகள் நூலில் வரும் பெயர் அது என்றும் விளக்கினேன்.

"பெயரில்லை என்றால் சாப்பாட்டுக் கடைப் பலகையில் என்னத்தை எழுதுவார்கள், மாப்பிள்ளை?" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுக்கப் போனார்.