குன்னூருக்குச் சின்னப் பெட்டியோடு போனால் தலைமுடி என்ன ஆகும்?

நியூஜெர்சியில் எங்கள் வட்டத்துப் பெண்கள் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியைத் தூக்கிப் பார்த்தால், துணியைவிடத் தலைமுடிக்கான சாமான்தான் கனக்கும். ஷாம்பு, கண்டிஷனர், சுருள்முடிக்குத் தனி கிரீம், சீரம், டிரையர், முடியை நேராக்கும் இயந்திரம். கேட்டால் ஒரே பதில்: ஊர்த் தண்ணீருக்கு முடி கொட்டிவிடும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் குளிக்கிற ஊர்களுக்குப் போகிறவர்கள் அப்படிப் பயந்தால் நியாயம் உண்டு. நான் போனது குன்னூருக்கு. ரேலியா அணையிலிருந்து வருகிற மலைத் தண்ணீரில் நுரை வரவழைப்பது சிரமமே இல்லை, அலசிப் போக்குவதுதான் சிரமம். அமெரிக்காவில் ஊற்றிக்கொள்ளும் ஷாம்பு அளவில் பாதி போதும்.

ஜனவரியில் அண்ணன் மகள் திருமணம். புடவைகள் பெரியம்மா வீட்டு பீரோவிலேயே இருக்கின்றன. ஸ்வெட்டர் வேண்டுமென்றால் ஊட்டியில் திபெத்தியர்களின் கடைகள் இருக்கின்றன. ஆகவே சின்னப் பெட்டி ஒன்றுதான். தலைக்கென்று எடுத்துப் போனவை ஒரு மரச்சீப்பு, 100 மில்லிக்கு உட்பட்ட குப்பியில் சுருள்முடி கிரீம், ஒரு ஈரிழைத் துண்டு. கடைசியாகச் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் புகழ வேண்டும். மைக்ரோஃபைபர் துண்டு என்று டாலர் கணக்கில் விற்கிறார்களே, அந்த வேலையை நம் ஈரிழைத் துண்டு காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறது. நீரை உறிஞ்சும், சீக்கிரம் காயும், மடித்தால் கைக்குட்டை அளவு. குன்னூர் மூடுபனியில் டர்க்கி டவல் மூன்றாம் நாளும் ஈரமாகவே தொங்கும்.

தேங்காய் எண்ணெயை மட்டும் இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நியூஜெர்சிக் குளிரில் கட்டியாகக் கிளம்பி, வழியில் உருகி, கோயம்புத்தூரில் வழிந்து, குன்னூரில் மறுபடி கட்டியாவதற்குள் பெட்டியில் உள்ள துணிக்கெல்லாம் எண்ணெய்க் குளியல் நடந்திருக்கும். கட்டியாக இருக்கிறதே என்று கைப்பையில் வைத்தாலும் பாதுகாப்புச் சோதனையில் அது களிம்புக் கணக்குதான், 100 மில்லி வரம்பு அதற்கும் உண்டு. குன்னூர் கடைத்தெருவில் அகன்ற வாய் டப்பாவில் விற்கிறார்கள். மலைக்குக் குறுகிய கழுத்துப் புட்டி ஆகாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

இனி டிரையர். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம் ஊரில் 230. கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருக்கும், அவை எங்கும் ஓடும். அமெரிக்க டிரையர்களில் பெரும்பாலானவை 120-க்கு மட்டும் செய்யப்பட்டவை. விமான நிலையத்தில் வாங்கும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. செருகினால் புகைதான். சரி, இரண்டு வோல்ட்டிலும் ஓடும் டிரையர் இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் வீட்டு வயரிங் குறுக்கே வரும். சாதாரண பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். அதற்கு மேல் இழுக்கும் டிரையருக்கு 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். பெரியம்மா வீட்டில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று: குளியலறையில், கீசருக்காக, என் தலைக்கும் மேலே. ஈரத் தரையில் நின்று அதில் டிரையரைச் செருக எனக்குத் துணிவில்லை. அண்ணியிடம் 1000 வாட் டிரையர் இருந்தது. இரைச்சல் அதிகம், காற்று குறைவு, ஆனால் கூடத்துப் பிளக்கில் நிம்மதியாக ஓடியது.

முடியை நேராக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சூடு கொடுத்து நேராக்கிய முடியை அப்படியே நிறுத்தி வைப்பது ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டால் அவை விட்டுப்போகும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வருகிற ஊரில், காலையில் ஒரு மணி நேரம் இழுத்து நேராக்கிய முடி மாலைத் தேநீருக்குள் பழைய கோலத்துக்குத் திரும்பிவிடும். என் தீர்ப்பு: மலைக்குப் பின்னல்தான். மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் அதுவே நல்லது.

பெட்டி சிறிதாக இருந்ததால் மலை ரயிலில் ஏற முடிந்தது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் அந்த வண்டியில் சாமான் வைக்க இடம் மிகக் குறைவு. பெரிய பெட்டிக்காரர்கள் டாக்சிக்குத்தான் போக வேண்டும். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) தேவைப்படுகிறது, டாக்சி பிடித்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலுக்கும் அரசுப் பேருந்துக்கும் அந்தத் தொல்லை இல்லை. 1899-ல் குன்னூர் வரை போட்ட பல்சக்கரத் தண்டவாளம் இது. நீராவி எஞ்சின் விடும் கரித்தூள் தலையில் இறங்கும், துப்பட்டாவால் மூடிக்கொள்ளுங்கள்.

இனி ஊரில் நடந்த கதை. தலைக்குக் குளிப்பது என்பது மலையில் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய காரியம். குன்னூரில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல் என்ற வழக்கத்தை நான் நினைவூட்டியபோது பெரியம்மா சிரித்தார். "தண்ணீர் வந்த நாள்தான் இங்கே வெள்ளிக்கிழமை" என்றார். ஷவரை மறந்துவிடுங்கள். நீண்ட முடிக்கு இரண்டு வாளி வெந்நீர் கணக்கு: ஒன்று நனைக்கவும் தேய்க்கவும், இன்னொன்று அலச. ஊட்டியில் நாங்கள் இரவு தங்கிய விடுதி ஒன்றில் 24 மணி நேரமும் வெந்நீர் என்று பலகை இருந்தது. கூரையில் சூரிய ஹீட்டராம். மூட்டம் போட்ட நாளில் குழாயில் வந்தது ஐஸ் தண்ணீர். வரவேற்பு மேசையில் இருந்த பையன் முகம் கோணாமல் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான், அது வேறு விஷயம். அறை எடுக்கும்போது வெந்நீர் கீசரிலிருந்தா, சூரிய ஹீட்டரிலிருந்தா, எத்தனை மணி வரை என்று கேட்டுவிடுவது மேல்.

குளித்தபின் காய வைப்பது அடுத்த பாடு. சமவெளியில் மின்விசிறிக்கடியில் தலையை விரித்துப் போட்டால் முடிந்தது. குன்னூரில் பல வீடுகளில் விசிறியே கிடையாது. ஆகவே வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் குளித்து, முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மாலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டால் ஈரத்தோடு தூங்கி மறுநாள் தலைவலியோடு எழ வேண்டியதுதான். வெயில் வராத நாளில் பெரியம்மா தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவி, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, முடியை அதில் பரப்பச் சொன்னார். எந்தப் பிளக்கும் வேண்டாத டிரையர். திருமண வீட்டில் எல்லோரும் என் தலையை மோந்து பார்த்துப் போனார்கள்.

தலைக்கு மருதாணி போடுவதிலும் மலைக்கு ஏற்ற திருத்தம் உண்டு. கெட்டியான தேயிலை டிகாக்‌ஷனைச் சூடாக ஊற்றிக் குழைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பூசி, ஒரு மணி நேரத்தில் அலசிவிடச் சொல்கிறார்கள். அதற்கு மேல் வைத்தால் சளி பிடிக்கும் என்பது அண்ணியின் கட்சி. நிறம் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது, மூக்கு அடைக்கவில்லை.

அழகு நிலையம் பற்றிக் கேட்டு எழுதிய தோழிகளுக்கு: குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் போனால் உங்களுக்குத் தேவையான எல்லாம் கிடைக்கும். முடி வெட்டி, எண்ணெய் மசாஜ் செய்து, அலசி, காயவைத்து அனுப்பியதற்கு நான் கொடுத்தது, நியூஜெர்சியில் டிப்ஸாக வைக்கும் தொகைக்கும் குறைவு. நடத்துபவர் என்னைவிட இளையவர். கத்திரியைக் கையில் எடுக்குமுன் முடியை விரலில் சுற்றிப் பார்த்து, "அக்கா, இதை ஈரத்தில் வெட்டினால் காய்ந்ததும் ஏறிக்கொள்ளும், உலர்ந்தபடியே வெட்டுகிறேன்" என்றார். நியூஜெர்சியில் சுருள்முடி நிபுணர் என்று பலகை மாட்டியவரிடம் எனக்குக் கிடைக்காத அக்கறை அது. சுருளைப் பற்றி இந்த மலைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லைதான். தோடர் பெண்கள் முடியைச் சுருள் சுருளாக்கித் தோளில் தவழவிடுவது அவர்களின் நெடுநாள் மரபு, அதற்கு வெண்ணெய் தடவுவார்கள். கூட வருகிற ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கை: செவ்வாய்க்கிழமை முடிதிருத்தும் கடைகள் மூடியிருக்கும். அண்ணன், மகள் திருமணத்துக்கு முந்தைய செவ்வாயன்று கடைத்தெருவைச் சுற்றிவிட்டுத் தாடியோடு திரும்பி வந்தார்.

பெட்டியைக் குறைக்கச் சாஷே ஷாம்புதான் வழி என்று எல்லோரும் சொல்வார்கள். ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்து ஏழை வீடுகளுக்கும் கொண்டுபோனவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவால் அதே வழியில் வளர்ந்தார். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் நீலகிரியில் நான் சாஷே வாங்கவில்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது, இந்த மாவட்டத்தில் அதற்கு முன்பிருந்தே கெடுபிடி. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையையும் தண்ணீர் பாட்டிலையும் கேட்டு வாங்கி வைத்துவிடுகிறார்கள். அப்படியிருந்தும் நடைபாதை ஓரத்துத் தேயிலைச் செடிகளுக்கடியில் கிழித்தெறிந்த ஷாம்பு உறைகள் கிடக்கின்றன. சின்னப் புட்டி ஒன்று வாங்கினேன், மிச்சத்தை அண்ணியிடம் விட்டு வந்தேன்.

திரும்பும்போது பெட்டி சும்மா இருக்காது. பெரியம்மா அரைத்துக் கொடுத்த சீயக்காய்ப் பொடியில் வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்தி எல்லாம் சேர்ந்திருக்கிறது. இதைக் கைப்பையில் வைக்காதீர்கள். அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடிகளைத் தனியாகச் சோதிப்பார்கள், விளக்கிச் சொல்வதற்குள் வரிசை பின்னால் முணுமுணுக்கும். சரக்குப் பெட்டியில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டி, இறங்கியதும் சுங்கத்தில் தாவரப் பொருள் என்று சொல்லிவிடுங்கள். நீலகிரித் தைலம் எளிதில் தீப்பற்றும் எண்ணெய். சின்னக் குப்பி, சீல் உடைக்காதது, அதையும் விமான நிறுவனத்திடம் கேட்ட பிறகே வாங்குங்கள். சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பதில் தைலம் எவ்வளவு, கலப்படம் எவ்வளவு என்பது விற்கிறவருக்கே வெளிச்சம்.