கார்டு கேட்டுப் போனால் முதலில் மூடியைக் கழற்றும் கடை

காரைக்குடியில் கம்ப்யூட்டர் கடைக்குப் பஞ்சமில்லை. செக்காலை ரோட்டில் நடந்தாலே நாலைந்து கண்ணில் படும். ஆனால் "பிராண்டட் சிஸ்டத்துல கிராபிக்ஸ் கார்டு போடணும், எஸ்எம்பிஎஸ்ஸும் மாத்தணும்" என்று கேட்டுப் பாருங்கள் (கிராபிக்ஸ் கார்டு படம், வீடியோ வேலையைச் செய்யும் தனிப் பாகம், எஸ்எம்பிஎஸ் சிஸ்டத்துக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). பாதிப் பேர் "அதுக்குப் புதுசாவே அசெம்பிள் பண்ணிக்கலாமே சார்" என்பார்கள், மீதிப் பேர் சிஸ்டத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் "போட்டுரலாம் சார், பட்ஜெட் எவ்வளவு?" என்பார்கள். எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. கடைசியில் நூறடி ரோட்டுப் பக்கம் மாடியில் ஒரே ஆள் நடத்தும் சர்வீஸ் கடையில்தான் வேலை முடிந்தது. குறைகளையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

என்னுடையது ஒரு பெரிய கம்பெனியின் ஆபீஸ் டவர். ஐ5-10400 பிராசசர், 16 ஜிபி ரேம், 260 வாட் எஸ்எம்பிஎஸ், கார்டு கிடையாது. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணம் எடுத்தவர்களுக்குத் தெரியும், வளவுக்கு நடுவில், அதாவது திறந்த முற்றத்தில், வானத்து வெளிச்சம் கொட்டும், தூணைத் தாண்டி ஓரத்துக்குப் போனால் இருட்டு, கேமராவில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றித்தான் ஆக வேண்டும், ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். அதனால் அந்தப் புள்ளிகளை அழிக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடாமல் பாதி கிளிப் தேறாது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் 4கே டைம்லைனில் அதைப் போட்டால் கார்டு இல்லாத சிஸ்டம் படுத்துவிடும். ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து பார்த்தால் பாதியில் எரர் காட்டி நிற்கும்.

கடையில் நான் கேட்டது என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு. "கார்டு எங்கயும் ஓடிப்போகாது தம்பி, முதல்ல மூடியக் கழட்டுவோம்" என்றார் கடைக்காரர். கழற்றினால், மதர்போர்டில் வழக்கமான 24 பின் சாக்கெட்டே இல்லை. 6 பின் ஒன்று, பிராசசருக்கு 4 பின் ஒன்று, அவ்வளவுதான். இந்த மாதிரி போர்டுக்கு எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும்தான் அனுப்புகிறது, ஹார்டு டிஸ்க்குக்கு வேண்டிய 5 வோல்ட்டைப் போர்டே தயாரித்துக்கொள்கிறது, டிஸ்க்குக்குப் போகும் பவர் வயரும் போர்டிலிருந்துதான் கிளம்புகிறது. ஆன்லைனில் நல்ல 650 வாட் ஒன்றை வாங்கி வந்தாலும் அதை மாட்ட இடமிருக்காது. 24 பின்னை 6 பின் ஆக்கும் கேபிள் தனியாக வேண்டும். அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும், பிளக் உள்ளே போகிறதே என்று நம்பி சுவிட்சைப் போட்டால் போர்டு காலி. அவர் மல்டிமீட்டரை வைத்துப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒவ்வொரு பின்னிலும் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற கேபிளை வெளியூரில் சொல்லி வரவழைத்தார். இந்த ஒரு காரியத்துக்காகவே இந்தக் கடையைச் சொல்லலாம்.

இதே வேலைக்கு வேறொரு இடத்தில் எனக்குச் சொன்ன யோசனையையும் சொல்லிவிடுகிறேன். "எஸ்எம்பிஎஸ் மாத்தவே வேணாம், சாட்டா வயர்லேருந்து 8 பின் எடுக்கிற கன்வெர்ட்டர் இருக்கு, இருநூறு ரூபாதான்." தயவுசெய்து இதற்குத் தலையாட்டாதீர்கள். சாட்டா என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பவர் கொடுக்கும் வயர். அதன் பிளக்கில் 12 வோல்ட் பக்கம் தாங்கக்கூடியது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். கார்டுக்குத் தனியாகப் பவர் கொடுக்கும் 8 பின் பிளக் வழியாக அது கேட்கக்கூடியது 150 வாட். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை கொடுத்தாலும் நான் பின்னால் எடுத்த 3060 மாதிரி 170 வாட் கார்டுக்கு மீதி எல்லாம் அந்த ஒல்லி வயரின் தலையில்தான் விழும். பிளக் உருகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் தீயும் பிடிக்கும்.

அப்புறம் கார்டு விஷயம். 4060 2023இல் வந்தது, 115 வாட்தான் குடிக்கிறது, வாங்கத் தோன்றுவது நியாயம். ஆனால் அது பிசிஐ எக்ஸ்பிரஸில், அதாவது கார்டும் போர்டும் டேட்டா பரிமாறும் பாதையில், 8 லேன் (தடம்) மட்டும் பயன்படுத்தும் கார்டு. என் பிராசசர் பத்தாம் தலைமுறை, பிசிஐ 3.0தான், அதில் 8 லேன் என்றால் கார்டு எதிர்பார்க்கும் வேகத்தில் பாதிதான் கிடைக்கும். மெமரியும் 8 ஜிபி. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இல் 16 லேன், 12 ஜிபி மெமரி. கேம் ஆடுகிறவருக்கு 4060 சரி. 4கே கிளிப்பில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு "ஜிபியு மெமரி ஃபுல்" என்ற எச்சரிக்கையைப் பார்த்து நொந்தவருக்கு 12 ஜிபிதான் தேவை. கடைக்காரர் இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை என்னிடம் விட்டார், விலை கூடிய கார்டைத் தலையில் கட்டப் பார்க்கவில்லை. நான் 3060ஐ எடுத்தேன். எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடவே விருப்பமில்லாதவர்களுக்கு 3050 6 ஜிபி என்று ஒன்று இருக்கிறது, 70 வாட், தனி பவர் வயரே வேண்டாம், ஸ்லாட்டில் சொருகினால் முடிந்தது என்றும் அவரே சொன்னார். ஆபீஸ் டவர் வைத்திருக்கும் பல பேருக்கு உண்மையில் அதுவே போதும்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு கோர்செயர் சிஎக்ஸ்650 எடுத்தோம். 3060க்கு என்விடியா சொல்வது 550 வாட், அதற்கு மேல் கொஞ்சம் இருப்பு. பெட்டியில் 80 பிளஸ் பிரான்ஸ் என்று போட்டிருப்பதைப் பலர் தரச் சான்று மாதிரி நினைக்கிறார்கள். அது பிளக்கிலிருந்து இழுக்கும் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான கணக்கு மட்டும்தான், பாதிச் சுமையில் 85 சதவீதம். ஷார்ட் ஆனால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளுமா என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்லாது. பெயர் தெரியாத "650 வாட்" பெட்டிகள் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கின்றன, அவர் கடையிலும் இருந்தன, "இது உங்களுக்கு இல்ல" என்று தள்ளி வைத்துவிட்டார்.

மாட்டும்போது திருகு ஓட்டை நான்கில் மூன்றுதான் பொருந்தியது, ஆடவில்லை என்பதால் விட்டுவிட்டோம். கேபினட்டின் முன்பக்கம் காற்றுக்கு வழியே இல்லாத பிளாஸ்டிக், அதற்குப் பின்னால் ஒரு 120 எம்எம் ஃபேன் வைத்து, கீழே காற்று உள்ளே வர இடம் செய்தார். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், நீண்ட எக்ஸ்போர்ட்டிலும் கார்டு 78 டிகிரியைத் தாண்டவில்லை. அதற்கு விதித்த உச்சவரம்பு 93.

கொடுக்கும்போது ஒன்று கேட்டார், "வீட்ல எர்த் இருக்கா தம்பி?" நான் வேலை பார்ப்பது பள்ளத்தூரில் பழைய வீட்டு மாடி அறையில். தேக்கு உத்தரம், ஆத்தங்குடிக் கல் தரை எல்லாம் உண்டு, வயரிங் மட்டும் மரச்சட்டத்தில் ஓடும் பழங்காலத்து வயரிங், மூன்று பின் சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டை வெறும் அழகுக்கு. எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபில்டர் வேலை பார்க்கும் கெப்பாசிட்டர்கள் கசியும் மின்சாரத்தை எர்த்துக்குத்தான் அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் தகட்டிலேயே 230இல் பாதி, 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். ஆளைத் தூக்கிப்போடாது, ஆனால் தொட்டால் விறுவிறு என்று இருக்கும், எச்டிஎம்ஐ வயரைச் சொருகும் நேரத்தில் கார்டின் போர்ட் போனாலும் போகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கிய பிறகுதான் சிஸ்டத்தை ஆன் செய்தேன். செட்டிநாட்டுப் பழைய வீட்டில் இருந்துகொண்டு முப்பதாயிரத்துக்குப் பாகம் வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ்ஸும் அப்படித்தான். 600 விஏ யுபிஎஸ் உண்மையில் தருவது 360 வாட், மானிட்டரையும் சேர்த்து எக்ஸ்போர்ட் ஓடும்போது கரண்ட் போனால் கத்தும். 1000 விஏக்குக் குறைந்து வேண்டாம்.

பலன் எப்படி என்றால், எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்தால் முடிந்திருக்கிறது. கலர் மாற்றினால் அப்போதே திரையில் தெரிகிறது. ஆனால் கார்டு எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. ஒரு கேமராமேன் 10 பிட் 4:2:2 எச்.265 என்ற வீடியோ வகையில் எடுத்துத் தருகிறார், அந்த ஃபார்மட்டை 3060, 4060 மாதிரி ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகள் நேரடியாகப் பிரித்துப் படிக்காது, 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. அந்த கிளிப்புகளுக்கு இன்னும் ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் லேசான நகல்) செய்துதான் ஓட்டுகிறேன். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

வேறு குறைகளும் உண்டு. சொன்ன நாளில் தரவில்லை, கேபிள் வரவில்லை என்று தள்ளிக்கொண்டே போனார், நாமே கூப்பிட்டால்தான் விவரம் தெரியும். பில்லில் கார்டின் சீரியல் நம்பர் இல்லை, வாரண்டிக்கு அது இல்லாமல் அலைய வேண்டி வரும் என்று சொல்லி எழுதி வாங்கினேன். உள்ளே வயரைக் கட்டியிருந்த விதம் சுமார்தான், திறந்தால் கூந்தல் மாதிரி கிடக்கிறது. சர்வீஸ் சார்ஜ் 800 ரூபாய், செய்த வேலைக்கு அது குறைவு. கார்டு ஆன்லைன் விலையைவிடச் சில நூறு கூட, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு டவரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவதற்கு இது எவ்வளவோ மேல்.

போகிறவர்கள் டவரை மட்டும் எடுத்துப் போனால் போதும், மானிட்டர் அங்கேயே இருக்கிறது. போன் செய்துவிட்டுப் போங்கள், மதியம் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்கு மேல்தான் திறக்கிறார். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிஸ்டத்தை விற்கும்போது அதைத் திரும்ப மாட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.