மட்டக்களப்பு, அம்பாறையில் ஊடகப் பயிற்சி: எங்கே போனால் எது கிடைக்கும்

"நான் எழுதியதை யார் திருத்துவார்?" பயிற்சிக்கு இடம் தேடும் மாணவர் நேர்காணலில் கேட்கவேண்டிய முதற் கேள்வி இது. பெரிய பெயர், குளிரூட்டிய அறை, கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாம் பிறகு. பிரதியை வாங்கி, பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் இந்த வரியை வெட்டுகிறேன் என்று சொல்ல ஒருவர் இருந்தால் அது நல்ல இடம். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் மூன்று மாதம் இருந்தாலும், உள்ளே போனபோது எழுதிய மாதிரியேதான் வெளியே வரும்போதும் எழுதுவீர்கள். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களிலும் திருகோணமலை வளாகத்திலும் படித்துக்கொண்டு ஊர்ப்பக்கமே பயிற்சி தேடுவோருக்காக, இங்கே கிடைக்கும் இடங்களை வகை வகையாக இந்த அளவுகோலால் பார்க்கிறோம்.

முதலில் பத்திரிகை. வீரகேசரி, தினகரன், தினக்குரல் ஆகிய நாளிதழ்களின் ஆசிரியபீடங்கள் கொழும்பில் இருக்கின்றன. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருப்பவர்கள் பிரதேச நிருபர்கள். அவர்களிற் பலருக்கு வீடே அலுவலகம், மோட்டார் சைக்கிளே வாகனம், கைத்தொலைபேசியே செய்தி மேசை. ஆகவே "பத்திரிகையில் பயிற்சி" என்று இங்கே சொன்னால், நடைமுறையில் அது அனுபவமுள்ள ஒரு நிருபரோடு சேர்ந்து அலைவதுதான். எங்கள் கணிப்பில் செய்தி சேகரிக்கக் கற்பதற்கு இதைவிட நல்ல வழி இந்த இரு மாவட்டங்களிலும் இல்லை. கிராம உத்தியோகத்தர், வயல் நீருக்குப் பொறுப்பான வட்டவிதானை, கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர், பள்ளிவாசல் நிருவாகி, மீனவர் சங்கச் செயலாளர், ஆஸ்பத்திரித் தாதி என்று யாரிடம் எதைக் கேட்கலாம், எந்த நேரத்தில் கேட்கலாம் என்பதை எந்த விரிவுரையும் சொல்லித்தராது. பெரும்போக நெல் வெட்டு நேரத்தில் வட்டவிதானைக்குக் காலை பத்து மணிக்கு அழைத்தால் அவர் வயலில் நிற்பார், அழைப்பை எடுக்கமாட்டார். இரவு ஏழு மணிக்கு எடுத்தால் நீர் திறந்த திகதி, காய்ந்துபோன ஏக்கர், உரம் வந்த கணக்கு எல்லாம் வரும்.

குறை என்னவென்றால், பிரசுரமாகும் செய்திக்குத்தான் நிருபருக்கே பணம். உங்களைத் திருத்த அவருக்கு நேரமும் இல்லை, அதற்குக் கூலியும் இல்லை. இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. தொடங்கும் முன்பே "வாரத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், என் இரண்டு செய்திகள்" என்று பேசிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன நடக்கவேண்டும் என்று காட்ட, மாதிரிக்கு ஒரு செய்தி எழுதிப் பார்ப்போம். புதியவர் எழுதும் முதற்பிரதி வழக்கமாக இப்படி இருக்கும்:

"போரதீவுப்பற்றுப் பிரதேசத்தில் காட்டு யானைகளின் அட்டகாசம் காரணமாகப் பொதுமக்கள் பெரும் அச்சத்தின் மத்தியில் வாழ்ந்து வருவதாக விசனம் தெரிவிக்கின்றனர்."

இதில் நாள் இல்லை, ஊர் இல்லை, எத்தனை யானை என்று இல்லை, சொன்னவர் யார் என்று இல்லை. "அட்டகாசம்", "அச்சத்தின் மத்தியில்", "விசனம்" ஆகிய மூன்று சொற்களும் எந்த ஊருக்கும் எந்த வருடத்துக்கும் பொருந்தும். நல்ல ஆசிரியர் இதற்குப் பக்கத்தில் கேள்விகளாகவே எழுதுவார்: எப்போது? எந்தப் பக்கத்தால் வந்தது? மின்வேலி இருக்கிறதா, அன்றிரவு மின்சாரம் ஓடியதா? வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு யார் அழைத்தார், எத்தனை மணிக்கு வந்தார்கள்? இவற்றைக் கேட்டுவந்து மறுபடி எழுதினால் இப்படி வரும்:

"செவ்வாய் அதிகாலை 2 மணியளவில் கிராமத்துக்குள் புகுந்த யானை இரண்டு வீடுகளின் சுவரை உடைத்து, உள்ளே அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை இழுத்துத் தின்றது. யாருக்கும் காயமில்லை. மின்வேலி ஒரு வாரமாக வேலை செய்யவில்லை என்கிறார் வீட்டுக்காரர்."

"என்கிறார் வீட்டுக்காரர்" என்பதோடும் விட்டுவிடக்கூடாது. வேலிக்குப் பொறுப்பான அலுவலகத்தின் பதில் அடுத்த வரியில் இருக்கவேண்டும். பதில் கிடைக்காவிட்டால், எப்போது அழைத்தோம் என்பதை எழுதவேண்டும். முதற்பிரதியை இந்த இரண்டாவது வடிவத்துக்குக் கொண்டுவர யாராவது உதவுகிறார்களா என்று பார்த்தாலே பயிற்சியின் தரம் தெரிந்துவிடும்.

அடுத்தது வானொலி. பிறை எப்.எம். அட்டாளைச்சேனையில் தொடங்கப்பட்ட பிராந்திய வானொலி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் வருவது. பொதுவாக வானொலியில் பயிற்சி பெறுபவருக்கு உச்சரிப்பும் நேரக்கணக்கும் நன்றாகப் படியும். தமிழில் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல் என்று வைத்து எழுதி, பிறகு வாய்விட்டு வாசித்து நேரம் பாருங்கள். எண்களைச் சொல்லாக எழுதிவையுங்கள். வாசிக்கும்போது மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ஒலிப்பதிவில் பழுதாகும் இடங்கள் எப்போதும் அதே மூன்றுதான்: மேலே சுற்றும் மின்விசிறி, கல்லடிக் கடற்கரைக் காற்று, பேசுபவரிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்த தொலைபேசி. விசிறியை நிறுத்துங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒலிவாங்கித் துளைக்கு மேலே மெல்லிய கைக்குட்டை ஒன்றைச் சுற்றி, ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது வரும் ஓட்டையை அடைக்க அது வேண்டும். வட்ஸ்அப்பில் குரற்செய்தியாக அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும், ஆகவே கோப்பாக இணைத்து அனுப்புங்கள். பத்திரிகைக்கு அனுப்பும் படத்துக்கும் இதே விதி.

வானொலியின் பலவீனம், பயிலுநரை அறிவிப்பாளராக்கிவிடும் அவசரம். குரல் நன்றாக இருந்தால் இரண்டாம் வாரமே பாட்டுக்கு நடுவே பேசவிடுவார்கள். பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பதிலேயே மாதம் ஓடிவிடும். செய்திப் பிரிவில் குறைந்தது பாதி நாட்கள் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதி வாங்குவது நல்லது.

மாவட்டச் செயலகத்தின் ஊடகப் பிரிவுகளும் இருக்கின்றன. கச்சேரி எனப்படும் அந்தச் செயலகத்தில் ஒரு மாதம் இருந்தால் சுற்றுநிருபம் வாசிக்கவும், எந்த ஆவணக் கோவை எந்தத் திணைக்களத்தில் இருக்கும் என்று அறியவும், கூட்டம் முடிந்து அரை மணியில் செய்திக்குறிப்பு அனுப்பவும் வரும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். அங்கே எழுதுவது அரசின் குரல். எதிர்க்கேள்வி கேட்பது அந்த வேலையில் இல்லை. செய்திக்குறிப்பின் பாதி இடத்தைப் பதவிகளும் பெயர்களும் வரிசைப்படி பிடித்துக்கொள்ளும். படக்குறிப்பு எழுதும் பழக்கம் மட்டும் அங்கே அருமையாக வரும்: இடமிருந்து வலமாக, பெயர், பதவி, இடம், திகதி. சிங்களம் ஓரளவு தெரிந்தவருக்கு அம்பாறை நகர அலுவலகங்களில் வேலை இலகு. கரையோர ஊர்களிலிருந்து போகும் தமிழ் பேசும் மாணவர் சிங்கள அறிக்கையைத் தானே வாசித்துத் தமிழில் எழுதப் பழகினால், எந்த ஆசிரியபீடத்திலும் கேட்டு வாங்கும் ஆளாகிவிடுவார்.

எழுத்துரு விடயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் முதல்நாளே இதில்தான் இடறுகிறார்கள். பல அலுவலகங்களில் பக்க வடிவமைப்பு இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் நடக்கிறது, இணையத்துக்கு யூனிகோட். பாமினியில் தட்டிய செய்தியை யூனிகோட்டுக்கு மாற்றும்போது, நடுவில் இருந்த ஆங்கிலச் சுருக்கமும் மின்னஞ்சல் முகவரியும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: "கௌரவ" என்பதில் வருவது ஒற்றை ஔகாரக் குறி. சிலர் கொம்புபோட்ட ககரத்தையும் தனி ளகரத்தையும் சேர்த்துத் தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஒரேமாதிரி இருக்கும், தேடினால் ஒன்று அகப்படும் மற்றது அகப்படாது. இரண்டு தட்டச்சு முறையும் கற்றுக்கொண்டு போங்கள். மாற்றிய பிறகு ஒரு தடவை முழுதாக வாசியுங்கள்.

தொண்டு நிறுவனங்களின் தொடர்பாடல் பிரிவு வேறு உலகம். கொடுப்பனவு ஒழுங்காக வருவது, போக்குவரத்துக்கு வாகனம் இருப்பது, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழகுவது ஆகியவை அதன் நன்மைகள். பயனாளியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது, பிள்ளையின் படத்துக்குப் பெற்றோரிடம் கேட்பது, ஊர்ப்பெயரை எப்போது மறைப்பது என்பவற்றை இவர்கள் பத்திரிகைக்காரர்களைவிடக் கவனமாகச் சொல்லித் தருவார்கள், அது உண்மையாகவே மதிக்கவேண்டியது. பழுதாவது எங்கே என்றால், பயிலுநரின் கையில் கமராவைக் கொடுத்து, குத்துவிளக்கு ஏற்றுவதையும் பதாகைக்கு முன்னால் வரிசையாக நிற்பதையும் எடுக்கச் சொல்லும்போது. பயிற்சி முடிந்து பார்த்தால் கையில் நானூறு படம் இருக்கும், ஒரு கட்டுரை இருக்காது. மக்கள் தொடர்பு, விளம்பரம் என்ற பக்கம் போக விரும்புபவருக்கு இது நல்ல இடம். செய்தியாளராக விரும்புபவருக்கு இரண்டாம் பயிற்சியாக மட்டும் பொருந்தும்.

இணையச் செய்தித் தளங்களும் முகநூற் பக்கங்களும் ஆளெடுப்பது அதிகம், சொல்லித் தருவது குறைவு. நாளுக்குப் பன்னிரண்டு பதிவு என்று கணக்கு வைத்தால் பயிலுநர் பிறர் செய்தியை வெட்டி ஒட்டத்தான் பழகுவார். சேரும் முன் அந்தத் தளத்தின் கடந்த வாரச் செய்திகளில் பத்தை எடுத்து, எத்தனையில் அவர்களே யாரையாவது அழைத்துக் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுகூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வேகத்தால் வரும் ஆபத்து மாரிகாலத்தில்தான் முழுதாகத் தெரியும். 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரம் நீரில் அடித்துச் செல்லப்பட்டது. இப்படியான நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் எண்ணிக்கை மாறும். மீட்கப்பட்டவர், காணாமற்போனவர், உயிரிழந்தவர் ஆகிய மூன்றையும் தனித்தனி எண்ணாக, எத்தனை மணி நிலவரம் என்று சேர்த்து எழுதவேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதோடு பிரதேச செயலகத்தையும் ஆஸ்பத்திரியையும் கேட்டு, இரண்டு இடம் ஒத்துவந்த பிறகே எண்ணைப் போடுங்கள். பெற்றோருக்குத் தெரியுமுன் பிள்ளையின் பெயரைப் போடக்கூடாது. பயிற்சி தரும் இடம் இதில் உறுதியாக நிற்கவில்லையென்றால் அங்கே கற்கவேண்டியது எதுவுமில்லை.

பாதுகாப்பும் பேசவேண்டியது. வீரகேசரியின் மட்டக்களப்புச் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று வேலைக்குப் போகும் வழியில் மட்டக்களப்பு நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பைச் சேர்ந்த ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் அடுத்த வருடம் ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். காலம் மாறியிருக்கலாம், ஆனால் காணி, மணல், மேய்ச்சற்தரை பற்றிய செய்திக்குப் பயிலுநரைத் தனியாக அனுப்பும் இடம் பொறுப்பற்ற இடம். நிறுவனத்தின் கடிதம் கையில் இருக்கவேண்டும், எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், மூத்தவர் ஒருவர் கூட வரவேண்டும்.

கொழும்புக்குப் போக முடிந்தவருக்கு, இலங்கை இதழியல் கல்லூரி மும்மொழியிலும் டிப்ளோமா நடத்திவந்திருக்கிறது. ஆசிரியபீடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பும் கொழும்பில்தான் கூடுதல். தங்குமிடச் செலவு கொடுப்பனவை விழுங்கிவிடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே அரச அலுவலகம் ஒன்றுக்கு ஒரு தகவல் உரிமை விண்ணப்பம் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும், அதுவே ஏறத்தாழ மூன்று வாரம். காரணம் சொல்லி மேலும் 21 நாள் வரை நீட்டிக்கலாம். பன்னிரண்டு வாரப் பயிற்சியில் ஆறாம் வாரம் விண்ணப்பித்தால் பதில் வரும்போது நீங்கள் அங்கே இல்லாமற்போகலாம். கேள்வியைச் சிறிதாக்குங்கள். "யானை வேலி பற்றிய சகல விபரங்களும்" என்று கேட்டால் இழுபடும். "இந்தக் கிராம சேவகர் பிரிவில் 2023, 2024இல் வேலித் திருத்தத்துக்குச் செலவான தொகையும் திகதிகளும்" என்று கேட்டால் ஒரு தாளில் பதில் வரும். விண்ணப்பம் கிடைத்ததற்கான அத்தாட்சியை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழைக் கடைசி நாளில் கேட்காதீர்கள், இரண்டு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். "சிறப்பாகக் கடமையாற்றினார்" என்ற ஒற்றை வரி யாருக்கும் பயன்படாது. எத்தனை செய்தி பிரசுரமானது, எந்தப் பிரிவில் எத்தனை நாள், என்ன மென்பொருள் கையாண்டார் என்று எழுதச் சொல்லுங்கள். பிரசுரமான பத்திரிகைத் துண்டைத் திகதி தெரிய வெட்டி ஒட்டிவையுங்கள். இணையச் செய்தியை அன்றே பிடிஎப் ஆகச் சேமியுங்கள், தளம் புதுப்பிக்கப்படும்போது பழைய இணைப்புகள் காணாமற்போய்விடும். பிரசுரமான ஒவ்வொன்றுக்கும் பின்னால் உங்கள் முதற்பிரதியையும் வையுங்கள். அடுத்த நேர்காணலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டலாம்.