தாமதமாக வந்து கையெழுத்துப் போடும் 'நான்': ஆன்ம விசாரம், பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

'நான் யார்' விசாரத்தை முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. தமிழில் ரமணரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஓர் எண்ணம் எழுந்ததும் 'இது யாருக்கு?' என்று கேட்பது, 'எனக்கு' என்று வந்ததும் 'அந்த நான் யார்?' என்று அது கிளம்பும் இடத்தைத் திரும்பிப் பார்ப்பது, அவ்வளவுதான். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களிலேயே முழுச் செய்முறையும் இருக்கிறது. படிக்க ஒரு மாலைப் பொழுது போதும். எது கைகொடுக்கும், எது காலை வாரும் என்பது பழகினால்தான் தெரியும். அதை மட்டும் எழுதுகிறேன்.

எழுத வைத்தது ஒரு தோழி. அம்மாவை இழந்து சில மாதங்களே ஆனவர். "தனியா ஒரு நான் கிடையாது, எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றாங்களே, நீ இத்தனை காலமா பண்றியே, நிஜமாவே வேலை செய்யுதா? நானும் ஆரம்பிக்கட்டுமா?" என்று போனில் கேட்டார். சட்டென்று 'ஆரம்பி' என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்ததில் இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. வேலையிடத்தில் மாதக்கணக்கில் நான் தயாரித்த ஓர் அறிக்கை வேறொருவர் பெயரில் மேலே போனது. மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். காதுமடல் சூடானது, தொண்டை இறுகியது, 'என்னை எப்படி' என்று ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. பழைய நாட்களாக இருந்தால் அந்த வாக்கியம் இரவு முழுக்க ஓடியிருக்கும், குளிக்கும்போதும் அவரோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருப்பேன். இப்போது பழக்கதோஷத்தில் 'யாருக்கு?' என்று திரும்பினேன். அங்கே சூடு இருந்தது, இறுக்கம் இருந்தது, அந்த மனிதரின் முகம் இருந்தது, பாதி வாக்கியம் இருந்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டிருக்கும் ஆளைத் தேடினால் அகப்படவில்லை. ஆள் இல்லாமல் வாதாடுவது எப்படி? வாதம் தானாகவே ஓய்ந்தது. சூடு மட்டும் கொஞ்ச நேரம் இருந்து இறங்கியது.

மறுநாள் போய், "அறிக்கையில் என் பெயர் விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்" என்று கேட்டேன். குரல் நடுங்கவில்லை, குத்தலும் இல்லை. சேர்த்தார்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'நான் இல்லை' என்று உட்கார்ந்துவிட்டால் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் நேர் எதிர்தான். கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு இடைஞ்சலாக இருந்ததே அந்த 'என்னை எப்படி'தான்.

அடுத்தவர் பேசும்போது காதுகொடுத்துக் கேட்க முடிவது இன்னொரு பலன். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நாம் என்ன பதில் சொல்லலாம் என்று உள்ளே ஒருவர் தயாராகிக்கொண்டே இருப்பாரே, அவர் சில சமயம் வருவதில்லை. அப்போது எதிரில் இருப்பவரின் வருத்தம் அப்படியே வந்து சேருகிறது. அந்த நேரங்களுக்காகவே இந்தப் பழக்கத்தைக் கொண்டாடுவேன்.

ஒரு சிறு எச்சரிக்கை. கேள்வியை மந்திரம் போல உருட்டினால் ஒன்றும் நடக்காது. இது ஜபம் அல்ல. கேள்வி ஒரு தடவை, பார்வை அதற்குப் பின். பலர் இங்கேயே மாட்டிக்கொண்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

சரி, இனி அந்த எரிச்சல். இத்தனை காலமாகியும் தீராதது.

அந்த மின்னஞ்சல் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் அகப்படவில்லை, வாதம் ஓய்ந்தது, எல்லாம் சரி. அரை மணி நேரம் கழித்து உள்ளே ஒரு குரல்: 'பார்த்தாயா, எவ்வளவு பக்குவமாகக் கையாண்டேன்.' யார் கையாண்டது? நடந்தபோது ஆளே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்து, வேறு யாரோ முடித்த வேலையின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது அது. கோபத்துக்கும் அதுதான் உரிமை கொண்டாடும், கோபம் அடங்கியதற்கும் அதுதான். மௌனமாக உட்கார்ந்து எழுந்தால் 'நன்றாக அமைந்தது' என்று அறிவிக்க முதல் ஆளாக நிற்கும். உட்கார்ந்திருந்தபோது எங்கே போயிருந்தது?

வள்ளுவர் 'யான்', 'எனது' இரண்டையும் சேர்த்துச் செருக்கு என்றார். பழகிப் பார்த்தால் இரண்டும் ஒரே வேகத்தில் தளர்வதில்லை. 'எனது' சீக்கிரமே இளகிவிடுகிறது. என் பொருள், என் கருத்து, என் பெருமை என்பதெல்லாம் பிடி தளர்ந்து நழுவுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 'யான்' அப்படியில்லை. அது நழுவுவதையே தன் சாதனையாக எழுதிக்கொள்கிறது.

இது என் தனிப்பட்ட பலவீனம் இல்லை என்பதற்கு மூளை ஆராய்ச்சியில் ஒரு சாட்சி உண்டு. கடுமையான வலிப்பு நோய்க்காக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிவிட்டவர்களிடம் 1970களில் மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் செய்த சோதனை. ஒருவருடைய இடது மூளைக்கு மட்டும் கோழிக்காலையும், வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய காட்சியையும் காட்டினார்கள். பிறகு பல படங்களிலிருந்து பொருத்தமானதை எடுக்கச் சொன்னார்கள். இடது மூளை இயக்கும் வலக்கை கோழியைக் காட்டியது. வலது மூளை இயக்கும் இடக்கை மண்வாரியைக் காட்டியது, பனியை அள்ளத்தான். ஏன் அவற்றை எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது பேசத் தெரிந்த இடது மூளை. அதற்குப் பனியைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் தயங்கவில்லை: கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கொட்டிலைச் சுத்தம் செய்ய மண்வாரி! பொய் சொல்லும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அவர் அதை அப்படியே நம்பினார்.

இதைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. நான் தினமும் சந்திக்கும் அதே ஆள்தான் அங்கேயும் பேசுகிறார். காரணம் தெரியாத செயலுக்கும் காரணம் சொல்லி, 'நான்தான் செய்தேன்' என்று பொறுப்பேற்கிறார்.

விசாரத்தில் ஊறியவர்களிடம் இந்தப் புகாரைச் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: அந்தக் குரல் யாருக்குக் கேட்கிறது என்று பார். நியாயமான பதில்தான், மறுக்கவில்லை. பார்த்தால் அதுவும் கரைகிறது. அப்புறம் கரைந்ததை அறிவிக்க இன்னொன்று வருகிறது. மூலத்தில் நிலைத்துவிட்டால் வராது என்கிறார்கள். ரமணரிடம் அது வரவில்லை என்று முழுமனதோடு நம்புகிறேன். அவருக்கு 1896இல், பதினாறு வயதில், சாவு பயம் வந்து, உடம்பை விறைப்பாகக் கிடத்தி, 'செத்தது எது?' என்று பார்த்த அந்த ஒரே முயற்சியில் முடிந்துபோனது. நம் போன்றவர்களுக்கு அப்படி முடிவதில்லை. இதைத் தொடக்கத்திலேயே யாராவது வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு விஷயத்திலும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். 'நான்' அகப்படவில்லை என்பது வேறு, எல்லாம் ஒன்று என்பது வேறு. முதலாவதற்கு நான் சாட்சி சொல்வேன். ஸ்காட்லாந்துத் தத்துவவாதியான டேவிட் ஹியூம் 1739இலேயே, தனக்குள் எப்போது நுழைந்து பார்த்தாலும் சூடோ குளிரோ வலியோ சுகமோதான் தட்டுப்படுகிறது, 'தான்' தட்டுப்படுவதில்லை என்று எழுதினார். அவருக்கு விசாரமும் தெரியாது, வேதாந்தமும் தெரியாது. 1998இல் போட்வினிக், கோஹன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஒருவருடைய கையை மறைத்து வைத்து, அவர் கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே தன் கை என்று அவருக்குத் தோன்றியது. 'என் உடம்பு' என்ற எல்லைக்கோடு அவ்வளவு எளிதாக நகர்கிறது.

ஆனால் அகப்படாத இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் பெரியவர்கள் பிரிகிறார்கள். புத்தர் வழியில் அங்கே நிலையான ஆன்மா என்று எதையும் நிறுத்துவதில்லை. சங்கரர் வழியில் மிஞ்சுவது பிரம்மம் ஒன்றே. ராமானுஜர் ஜீவனைப் பொய் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். உடம்புக்கு உயிர் போல ஜீவனுக்கு இறைவன் என்பார். சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே தொடக்கம் இல்லாதவை. முத்தியிலும் உயிர் இறைவனோடு பிரிவின்றிக் கலக்குமே தவிர இல்லாமல் போவதில்லை. இத்தனை பேரும் உள்ளே பார்த்தவர்கள்தான். எனக்குத் தெரிவதெல்லாம், அந்த நேரத்தில் வேலி இல்லை என்பது. வேலி இல்லாத இடம் முழுக்க ஒரே பொருளா என்று அடித்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நாலு நாள் கண்மூடி உட்கார்ந்துவிட்டு 'எல்லாம் ஒன்று' என்று பேசுபவர்களைக் கேட்டால் கோபம்தான் வருகிறது.

வலியையும் சொல்லாமல் விட முடியாது. நடு இரவில் கடைவாய்ப் பல் தெறிக்கும்போது 'யாருக்கு?' என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். 'நாளைக்கு என்ன ஆகுமோ' என்ற புலம்பல் நின்றது. பல் நிற்கவில்லை. அதில் குறை சொல்லவும் முடியாது. விசாரம் வலிநிவாரணி என்று ரமணர் எங்கும் விற்கவில்லை. கடைசிக் காலத்தில் அவருடைய இடது கையில் புற்றுக்கட்டி வந்து, பலமுறை அறுவை சிகிச்சை நடந்து, 1950 ஏப்ரல் 14 அன்று உடல் பிரிந்தது. மருத்துவர்களை வேண்டாம் என்று அவர் விரட்டவில்லை. உடம்பு உடம்பாகத்தான் நோகிறது.

இதை மறந்துவிட்டுப் பேசுகிறவர்களால்தான் தோழிக்கு என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. அவர் அம்மாவின் துக்கத்துக்கு வந்த ஒருவர், அழுதுகொண்டிருந்தவரிடம், "யார் செத்தது? யார் அழறது? விசாரிச்சுப் பாரு" என்று சொல்லியிருக்கிறார். தோழி இதை என்னிடம் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தக் கேள்வி தன்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது. தனக்குள் எழும் எண்ணத்திடம் கேட்பதற்காக மட்டும் கொடுக்கப்பட்டது. அடுத்தவர் கண்ணீரைப் பார்த்துக் கேட்டால் அது விசாரம் இல்லை, கொடுமை. எல்லாம் ஒன்று என்பது மெய்யானால், அவர் அழும்போது பக்கத்தில் இருப்பவர் தொண்டையும் அல்லவா அடைத்திருக்க வேண்டும்?

ஆகவே என் முடிவு, மேலே சொன்ன அத்தனை பாராட்டையும் தாண்டி: இப்போது ஆரம்பிக்காதே. துக்கத்திலிருந்து தப்பிக்க இதைப் பிடித்தால், அந்தத் தாமதமாக வரும் ஆள் துக்கத்தின் கீழேயும் கையெழுத்துப் போட்டுவிடுவார். 'எனக்கு ஒன்றுமில்லை, நான் கடந்துவிட்டேன்' என்பார், நீயும் நம்பிவிடுவாய். அதைவிட மோசம், அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்குத் தன் உடம்பே தன்னுடையதில்லை போலவும், தன்னையே தூரத்திலிருந்து பார்ப்பது போலவும் ஆகிவிடும். மருத்துவத்தில் டிபர்சனலைசேஷன் என்பார்கள். அதில் விடுதலை கிடையாது, பயமும் மரத்துப்போன நிலையும்தான். அப்படி ஏதாவது தென்பட்டால் முதலில் மனநல மருத்துவரைப் பார். விசாரம் எங்கேயும் ஓடிவிடாது.

நான் விடப் போகிறேனா என்றால், இல்லை. எரிச்சல் இருக்கிறது, இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனாலும் நீ பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை சொல்லாமல் இப்போது கேட்க முடிகிறது என்றால் அது இந்தப் பழக்கத்தால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் செய். அம்மாவைப் பற்றிப் பேசலாம்.