‘599 ரூபாய்க்கு ஃபுல் க்ரூமிங்’ போர்டைப் பார்த்து நாயை விட்டுவிட்டு வராதீர்கள்

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். புட்டுவின் முடி சடை பிடித்ததற்குக் காரணம் நாங்கள்தான், கடைக்காரர் இல்லை. அதற்கு அப்புறம் நடந்ததற்குத்தான் இந்தப் பதிவு.

புட்டு எங்கள் ஷிட்ஸு வகை நாய். பெரியம்மா மகள் துபாய் போகும்போது ஏழு மாதக் குட்டியாக மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். அப்போது பட்டு மாதிரி முடி. வாரம் ஒரு தடவை சீப்பு போட்டால் போதும். பத்து மாதம் தாண்டியதும் குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வர ஆரம்பித்தது. இந்த வகை நாய்களுக்குச் சிக்கு மோசமாக விழுவது இந்தச் சமயத்தில்தான் என்று எங்களுக்குத் தெரியாது. உதிர்ந்த முடி தரையில் விழாமல் மற்ற முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், விரலை உள்ளே விட்டால் தோலை ஒட்டிக் கம்பளி. போதாததற்கு ஐப்பசி மழை. தினமும் நனைந்து வருவான், நான் துண்டை வைத்துப் பரபரவென்று தேய்த்துவிடுவேன். அந்தத் தேய்ப்புதான் சிக்கை இறுக்கியிருக்கிறது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று கட்டி கட்டியாக. காதுக்குப் பின்னால் இருந்தது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு.

எங்கள் பக்கம் விசாரித்த இரண்டு கடைகளில் 1,800, 2,200 என்றார்கள். மாதக் கடைசி. அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் அந்த 599 விளம்பரம் கண்ணில் பட்டது. குளியல், முடி வெட்டு, நகம், காது எல்லாம் சேர்த்து.

கடை முன்பக்கம் பிரமாதம். ஏசி, சோபா, சுவர் முழுக்க ரிப்பன் கட்டிய நாய்ப் படங்கள். வேலை நடக்கும் அறைக்கு மட்டும் ஜன்னல் இல்லை, கதவு மூடியே இருந்தது. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். “599 ஆரம்ப விலைதான்கா, பார்த்துட்டுச் சொல்றோம்” என்றான் அந்தப் பையன். ஒன்றரைப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு படிவம் நீட்டினான். “சும்மா ரெக்கார்டுக்குத்தான்கா.” படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கூட இருக்கட்டுமா என்றதற்கு, ஓனர் இருந்தால் நாய் அடங்காது என்றான். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால் நம்பிவிட்டேன்.

மதியம் ஒரு மணி வாக்கில் போன். “அக்கா, ரொம்ப மேட் ஆயிருக்கு. டீமேட்டிங், அதான் சிக்கெடுக்கறது, மணிக்கு 500. மூணு மணி நேரம் ஆகும்.”

அப்படியென்றால் வேண்டாம், வந்து கூட்டிப்போகிறேன் என்றேன்.

“குளிப்பாட்டியாச்சுக்கா. ஈரத்தோட எப்படிக் கொடுக்கறது?”

இந்த இடத்தை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். சிக்கு விழுந்த நாயை முதலில் குளிப்பாட்டக் கூடாது. தண்ணீர் பட்டுக் காயக் காயச் சிக்கு இறுகும். கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டு எடுத்தால் எப்படி ஆகுமோ அப்படி. சிக்கை எடுக்க வேண்டும், எடுக்க முடியாவிட்டால் வழிக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் தண்ணீர். தொழில் தெரிந்த யாரும் மாற்றிச் செய்யமாட்டார்கள். தெரியாமல் செய்தார்களா, நான் பாதியில் திரும்பிப் போகக் கூடாது என்று செய்தார்களா, எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

சரி என்று சொல்லித் தொலைத்தேன். ஐந்து மணிக்குப் போனால் பில் இப்படி: பேக்கேஜ் 599, டீமேட்டிங் 1,500, உண்ணிக் குளியல் 450, ஹேண்ட்லிங் சார்ஜ் 300. மொத்தம் 2,849.

புட்டுவைக் கொண்டுவந்தார்கள். உடம்பு முழுக்க ஒட்ட வழித்திருந்தது.

மூன்று மணி நேரம் சிக்கெடுத்திருந்தால் முடி இருக்க வேண்டும். வழிப்பதாக இருந்தால் சிக்கெடுக்கும் வேலையே இல்லை. இரண்டுக்கும் எப்படிக் காசு? மொட்டை போட்டுவிட்டுப் பின்னல் போட்டதற்கும் கூலி கேட்கிற கதை. கேட்டேன். “ட்ரை பண்ணினோம்கா, வரலை” என்றான். உண்ணிக் குளியல் எதற்கு? இரண்டு வாரம் முன்புதான் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை முதுகில் விட்டிருந்தோம், ஒரு உண்ணிகூட இல்லை. அதற்குப் பதிலே வரவில்லை. பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கூச்சம், கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தலையை ஒரு உதறு உதறினான். வெள்ளைச் சுவரில் வரிசையாக ரத்தப் புள்ளி. இடது காது விளிம்பில் வெள்ளைப் பவுடர் அப்பியிருந்தது. நான் டால்கம் என்று நினைத்திருந்தேன். அது ரத்தம் நிற்பதற்காக வைக்கிற பவுடர். ஈரத் துணியால் துடைத்தால், காது ஓரத்தில் ஒரு அரிசி அளவு சதையே இல்லை. வெட்டியது கைத்தவறு என்றே வைத்துக்கொள்வோம், சொல்லியிருக்கலாமே. தொடை இடுக்கில் இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி சிவப்பு. முடி வழிக்கிற கிளிப்பர் மெஷினின் பிளேடு தொடர்ந்து ஓடினால் சூடேறும், நடுவில் ஆறவிட வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். அதற்கும் அவர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது வேறு. சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டால் பாய்ந்து வருகிறவன் எழுந்திருக்கவே இல்லை. தூக்கி நிறுத்தினால் பின்கால் தள்ளாடியது. கடைக்குப் போன் செய்தேன். “நாய் அடங்கி இருக்கறதுக்குக் காம் பண்ற சிரப் கொஞ்சம் கொடுத்தோம், எல்லாருக்கும் கொடுக்கறதுதான்.” என்ன சிரப் என்றால், “ஓனருக்குத்தான் தெரியும்.” ஓனர் போனை எடுக்கவில்லை.

ராத்திரி கிளினிக்கில் டாக்டர் அம்மா முதலில் கேட்டது அந்த மருந்தின் பெயரைத்தான். என்னிடம் பதில் இல்லை. இந்த மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல், மயக்கும் மருந்தை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னைத் திட்டினார். பார்வை, களிம்பு, வலி மருந்து, புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்துக்குக் கூம்பு எல்லாம் சேர்த்து 1,350. 599-க்கு ஆசைப்பட்டது 4,199-ல் வந்து நின்றது.

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், கடைக்காரர்களுக்கு அநியாயம் செய்யக் கூடாது. “வழிச்சது தப்பில்லைம்மா. அந்த அளவு சிக்கை இழுத்து இழுத்து எடுக்கறதுதான் நாய்க்குச் சித்திரவதை.” ஷிட்ஸுவுக்கு முடி திரும்ப வளர்ந்துவிடும். பொமரேனியன், கோல்டன் ரிட்ரீவர் மாதிரி அடிமுடி அடர்த்தியாக உள்ள நாய்களை ஒட்ட வழித்தால் சில சமயம் பழையபடி வளராது, அதனால் அவற்றை வைத்திருப்பவர்கள் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆக, முடி போய்விட்டதே என்று சண்டைக்குப் போகாதீர்கள். முன்கூட்டியே சொன்னார்களா, மொத்தத் தொகையை எழுதிக் கொடுத்தார்களா, உள்ளே நடப்பதைப் பார்க்க ஒரு கண்ணாடியோ கேமராவோ இருக்கிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும். மயக்க மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று படிவத்திலேயே கைப்பட எழுதிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

இப்போது எல்லாம் வீட்டில்தான். நெருக்கப் பல் இரும்புச் சீப்பு 250, மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் 350. ராத்திரி அத்தை சீரியல் பார்க்கும்போது அவர் மடியில் போட்டு, காலிலிருந்து மேலே, வகிடு எடுக்கிற மாதிரி வரிசை வரிசையாகப் பிரித்துச் சீவுகிறோம். சீப்பு தோல்வரை தடங்கல் இல்லாமல் போகிறதா என்பதுதான் கணக்கு, மேல்முடி பளபளப்பில் ஏமாறக் கூடாது. சின்னச் சிக்கு தட்டுப்பட்டால் கொஞ்சம் சோளமாவு தூவி, தோல் இழுபடாமல் முடியின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கிறோம். கத்திரிக்கோல் கிட்டவே கொண்டுபோவதில்லை. சிக்குக்குள் தோலும் சேர்ந்து மேலே எழும்பியிருக்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். மழையில் நனைந்தால் துண்டால் ஒற்றி எடுப்பதோடு சரி.

கடை விஷயம் இன்னும் முடியவில்லை. நேரில் போய்க் கேட்டபோது அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ஒரு வாரம் கழித்து ஓனரே கூப்பிட்டு, கடையைப் பற்றி நான் போட்டிருந்த ரிவ்யூவை எடுத்தால் டீமேட்டிங் 1,500-ஐத் திருப்பித் தருகிறோம் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அங்கே போகும் எண்ணம் இருப்பதால்தான் கடைப் பெயரை இங்கே போடவில்லை. பில், டாக்டர் சீட்டு, சுவரில் இருந்த ரத்தப் புள்ளியின் படம் எல்லாம் ஃபைலில் இருக்கிறது.

புட்டுவுக்கு முடி இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டது. காதோரத்தில் அந்த அரிசி அளவு இடத்தில் மட்டும் இன்னும் வரவில்லை.