மேட் மேக்ஸ் ஃப்யூரி ரோடு 4கே: டிவிக்கு முன் ஸ்பீக்கரைப் பாருங்கள்

பிரான்சிலிருந்து அண்ணனோ சித்தியோ விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் என்ன கொண்டுவரச் சொல்லலாம் என்று யோசிக்கும் சினிமாப் பிரியர்கள் புதுச்சேரியில் நிறையப் பேர். அந்தப் பட்டியலில் பாலைவனத் துரத்தல் படமான ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ 4கே டிஸ்கைத் தாராளமாகச் சேர்க்கலாம். ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டுப் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் மண்டலப் பூட்டு 4கே டிஸ்குக்குக் கிடையாது. பாரிஸில் வாங்கியது லாஸ்பேட்டையிலும் ஓடும். பெட்டியில் கூடவே வரும் சாதாரண ப்ளூரே விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பிரான்ஸ் ‘பி’ மண்டலம், நாம் ‘சி’. படத்தை வெளியிட்ட வார்னர் நிறுவனம் பெரும்பாலும் பூட்டுப் போடுவதில்லை என்றாலும் பின்னட்டையில் மண்டலக் குறியைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஏனென்றால் கூடுதல் காட்சிகள் எல்லாம் அந்த ப்ளூரேவில்தான் இருக்கின்றன, 4கே டிஸ்கில் படம் மட்டும்தான்.

வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது படம் எவ்வளவு கூர்மை என்று. அங்கே எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். இயக்குநர் ஜார்ஜ் மில்லர் இந்தப் படத்தின் பெரும்பகுதியை 2012இல் நமீபியாவின் பாலைவனத்தில் எடுத்தார். ஒளிப்பதிவாளர் ஜான் சீல் பயன்படுத்தியது ஆரி அலெக்ஸா. அந்தக் கேமரா பதிவு செய்தது 2.8கே, படத்தை முடித்தது 2கே. மோதல்களுக்கு நடுவே வைக்கச் சின்ன கேமராக்களும் இருந்தன. ஆக, 4கே டிஸ்கில் இருப்பது 2கேயிலிருந்து பெரிதாக்கிய படம். 55 அங்குல டிவியில் எட்டடி தள்ளி உட்கார்ந்தால் ப்ளூரேவுக்கும் இதற்கும் கூர்மையில் பெரிய வித்தியாசம் தெரியாது. 100 அங்குலத் திரையில் புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு முகங்களின் புழுதியிலும், தோல் உடைகளின் தையலிலும் கொஞ்சம் கூடுதல் விவரம் கிடைக்கும்.

லாபம் வெளிச்சத்திலும் நிறத்திலும் இருக்கிறது. 2016 மார்ச்சில் 4கே டிஸ்குகள் கடைக்கு வந்த முதல் வரிசையிலேயே இதுவும் வந்தது. வெளிச்சத்தையும் நிறத்தையும் விரித்துக் காட்டும் எச்டிஆர் முறையில் இது எச்டிஆர்10 வகை, டால்பி விஷன் இல்லை. வண்ணம் சேர்த்த எரிக் விப், வெளுத்துப்போன பாலைவனம் வேண்டாம் என்று மணலை ஆரஞ்சாகவும் வானத்தை அடர் நீலமாகவும் ஆக்கினார். ப்ளூரேவில் இந்த ஆரஞ்சு ஒரே பூச்சாகத் தெரியும். 4கேயில் மணலுக்குள் மஞ்சள், துரு, செம்மண் என்று மூன்று நான்கு அடுக்கு பிரிகிறது. புழுதிப் புயல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேகத்துக்குள் மின்னல் வெட்டும்போது அதன் நடு வெண்மையும் அதைச் சுற்றிய செம்புழுதியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். டிவியில் அந்த இடம் முழுக்க வெள்ளைத் திட்டாக எரிந்தால் குறை டிஸ்கில் இல்லை. இதன் உச்ச வெளிச்சம் 4000 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) திரையை வைத்துத் தயாரித்தது. நம் வீட்டு டிவி பலவும் 400, 600 நிட்டோடு நின்றுவிடும். டிவி மெனுவில், படத்தின் வெளிச்சத்தை டிவியின் அளவுக்கு இறக்கும் டைனமிக் டோன் மேப்பிங் இருந்தால் இந்தப் படத்துக்கு ஆன் செய்யுங்கள், எரிகிற இடம் அடங்கும்.

இரவுக் காட்சிகள் தனிக் கதை. மேக்ஸ் கூட்டம் போகும் பெரிய லாரி சேற்றில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பகுதி இரவில் எடுத்ததே அல்ல. பட்டப்பகலில், வேண்டுமென்றே இரண்டு ஸ்டாப் வரை, அதாவது நான்கு மடங்கு வரை, அதிக வெளிச்சம் விட்டு எடுத்து, பிறகு நீலமாக இறக்கியது. அதிக வெளிச்சத்தில் எடுத்ததால் நிழலுக்குள் புள்ளி இரைச்சல் இல்லை. இருட்டாக்கிய பிறகும் ஒவ்வொரு முகமும் தெரிகிறது. அந்த நீலத்துக்கு நடுவே எதிரி வண்டியின் விளக்கு வரும்போது 4கே டிஸ்க் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. மலிவான பேனலில் நீலம் வட்டம் வட்டமாகப் பிளந்து தெரியலாம். அது பேனலின் பலவீனம், டிஸ்கை மாற்றிக் கேட்காதீர்கள்.

டிவியில் கட்டாயம் அணைக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் ‘விவிட்’ முறையில், அசைவை வழவழப்பாக்கும் வசதியோடு வைத்துத்தான் டிவியைத் தருவார்கள். இந்தப் படத்தில் பாதிக்கு மேல் காட்சிகள் நொடிக்கு 24 ஃபிரேம் என்ற வழக்கமான வேகத்தில் இல்லை. சில இடத்தில் ஃபிரேம்களை உருவி வேகம் கூட்டியிருக்கிறார்கள், சில இடத்தில் தாமதப்படுத்தியிருக்கிறார்கள். அந்த வெடுக்கென்ற துள்ளல் இயக்குநர் வேண்டிச் செய்தது. அந்த வழவழப்பு வசதியோ, படத்தில் இல்லாத ஃபிரேமைத் தானே உண்டாக்கி நடுவில் செருகும். வண்டிச் சக்கரங்களைச் சுற்றி ஜவ்வு மாதிரி பிசிறு வரும், படமே சீரியல் போல ஆகிவிடும். ஃபிலிம்மேக்கர் முறை அல்லது சினிமா முறைக்கு மாறுங்கள், மோஷன் என்று பெயர் வரும் எல்லாவற்றையும் பூஜ்ஜியம் ஆக்குங்கள், பிளேயரில் 24பி வெளியீட்டை ஆன் செய்யுங்கள் (வேகம் மாற்றிய காட்சிகளும் டிஸ்கில் நொடிக்கு 24 ஃபிரேமாகத்தான் பதிவாகியிருக்கின்றன). மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது சரிதான். படத்தின் அளவு 2.40:1, ஜூம் செய்து நிரப்ப வேண்டாம்.

எச்டிஆர் குறியே டிவியில் வரவில்லை என்றால் பெரும்பாலும் எச்டிஎம்ஐ துளையின் அமைப்புதான் காரணம். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மேட்’ என்று இருக்கும். பிளேயர் செருகிய அதே துளைக்கு அதை ஆன் செய்ய வேண்டும். நடுநடுவே திரை இரண்டு நொடி கறுத்துத் திரும்பினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 18 ஜிகாபிட் தாங்கும் ஆறடிக் கேபிள் போதும். புரொஜெக்டருக்காகச் சுவர் வழியாக 30 அடி இழுத்த சாதாரணக் கேபிள்தான் இந்தத் தொல்லையை அதிகம் தரும்.

இனி ஒலி. இந்த டிஸ்கை வாங்கச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். படம் வாங்கிய ஆறு ஆஸ்கர்களில் இரண்டு ஒலிக்கு. டிஸ்கில் இருப்பது இழப்பில்லாத டால்பி ட்ரூஎச்டியில் அமைந்த அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் ஒலி முறை. ஸ்ட்ரீமிங்கிலும் அட்மாஸ் முத்திரை இருக்கும், ஆனால் அங்கே வருவது சுருக்கிய டால்பி டிஜிட்டல் பிளஸ், அதிகபட்சம் நொடிக்கு 768 கிலோபிட். இரண்டையும் ஒரே சிஸ்டத்தில் மாற்றி மாற்றிக் கேட்டால் அடித்தொனியின் கனத்தில் வித்தியாசம் உடனே தெரியும்.

தொடக்கத்தைக் கேளுங்கள். படம் வருவதற்கு முன்பே நாயகன் மேக்ஸின் தலைக்குள் கேட்கும் குரல்கள் அறையைச் சுற்றி நகர்கின்றன. ஒரு குரல் வலப்பக்கம் பின்னால், இன்னொன்று நேர் மேலே. எல்லாம் முன்னாலிருந்தே வந்தால் உங்கள் சிஸ்டத்தில் அட்மாஸ் ஓடவில்லை என்று அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பிறகு பள்ளத்தாக்கு. மோட்டார் சைக்கிள்கள் லாரிக்கு மேலே தாவும்போது எஞ்சின் சத்தம் தலைக்கு மேல் கடந்து போகிறது. நீண்ட கம்புகளில் ஆடிக்கொண்டு வருகிற ஆட்கள் வரும் இடத்தில் ஒலியும் அவர்களோடு மேலும் கீழும் ஊசலாடுகிறது. முரசுகளும் தீ கக்கும் கிட்டாரும் ஏற்றிய வண்டி வரும் காட்சியில் எது பின்னணி இசை, எது வண்டியிலிருந்து வரும் இசை என்று பிரித்துக் கேட்க முடிகிறது. கேமரா அந்த வண்டியைத் தாண்டினால் முரசும் பின்னால் தள்ளிப் போகிறது. இவ்வளவு இரைச்சலிலும் வசனம் நடு ஸ்பீக்கரில் தெளிவாக நிற்பது கலவை செய்தவர்களின் திறமை.

கவனித்துக் கேட்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: அந்தப் பெரிய லாரியை ஒலி வடிவமைப்பாளர் மார்க் மாங்கினி வேட்டையாடப்படும் திமிங்கலமாக நினைத்து அமைத்தார். லாரி கடைசியாக நொறுங்கும்போது இரும்பு முறியும் சத்தத்தோடு திமிங்கலத்தின் முனகலும் கலந்திருக்கிறது. டிவி ஸ்பீக்கரில் இது வெறும் உறுமல். நல்ல சப் ஊஃபரில் ஓர் உயிர் அடங்குவது போல வயிற்றில் இறங்குகிறது.

இதெல்லாம் கிடைக்க மூன்று இடத்தைச் சரிபார்க்க வேண்டும். பிளேயரின் ஆடியோ அமைப்பு, ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் ‘பிட்ஸ்ட்ரீம்’ ஆக இருக்கட்டும். ‘செகண்டரி ஆடியோ’ ஆஃப் ஆக இருக்கட்டும். அது ஆனில் இருந்தால் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு அட்மாஸ் போகவே போகாது, பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூன்றாவது, பிளேயரை டிவியில் செருகி அங்கிருந்து சவுண்ட்பாருக்கு ஒலியை எடுக்கிறீர்கள் என்றால் எச்டிஎம்ஐ வழியாக ஒலியைத் திருப்பி அனுப்பும் புதிய வசதியான இ-ஆர்க் வேண்டும், பழைய ஆர்க் ட்ரூஎச்டியைச் சுமக்காது. முடிந்தால் பிளேயரை நேராக ரிசீவரில் செருகுங்கள். பிரான்சு டிஸ்க் என்றால், பிளேயரின் மொழி அமைப்பைப் பொறுத்து பிரெஞ்சுத் தடம் தானாகத் தேர்வாகலாம். மெனுவில் ஆங்கில அட்மாஸை நாமே எடுத்துவைக்க வேண்டும்.

அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கத்துக் கான்கிரீட் வீடுகளில் பத்தடித் தட்டையான கூரை. கூரையில் பட்டுத் திரும்பும் வகை அட்மாஸ் ஸ்பீக்கருக்கு அது சரியான உயரம். ஒயிட் டவுன் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை, வரிசையாகத் தேக்கு உத்தரங்கள், உயரம் 14 அடிக்கும் மேல். அங்கே அந்த வகை ஸ்பீக்கர் வேலை செய்யாது, ஒலி உத்தரங்களுக்கு இடையில் சிதறிவிடும். சுவரில் எட்டடி உயரத்தில் சின்ன ஸ்பீக்கர்களை உட்காரும் இடம் நோக்கிச் சாய்த்து மாட்டுவது மேல். இல்லையென்றால் மேல் ஸ்பீக்கர் இல்லாத நல்ல 5.1 சிஸ்டம் போதும். மொசைக் தரையும் வெறும் சுவரும் இருக்கும் அறையில் இந்தப் படத்தின் எஞ்சின் சத்தம் கணகணவென்று எதிரொலிக்கும். ஒரு தடித்த ஜமக்காளமும் கனமான திரைச்சீலையும் பாதி வேலையை முடித்துவிடும். சப் ஊஃபரை மூலையில் தள்ளாமல் சுவரின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வையுங்கள், எதற்குக் கீழான சத்தம் சப் ஊஃபருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் விடுங்கள். மூலையில் வைத்தால் எல்லா வண்டியும் ஒரே மாதிரி ‘டும்’ என்று கேட்கும்.

கூடுதல் காட்சிகள் மொத்தம் ஒன்றரை மணி நேரம் அளவுக்கு. படப்பிடிப்பு பற்றிய முக்கியத் தொகுப்பு அரைமணிக்குக் கொஞ்சம் குறைவு. வண்டிகளுக்குத் தனியாக ஒன்று. இரண்டு கெடிலாக்கை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியதும், லாரியை டாட்ரா என்ற கனரக வண்டியின் மீது கட்டியதும் அதில் இருக்கின்றன. மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும். உடை, ஆயுதம், நடிகர்கள் பற்றிய தொகுப்புகள் பரவாயில்லை, பாராட்டு வார்த்தைகள் அதிகம். நீக்கிய காட்சிகள் மூன்று, சில நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லாவற்றிலும் சிறந்தது நான்கே நிமிடம் ஓடும் மோதல் காட்சிகளின் கச்சாப் பதிவு. கிராபிக்ஸ் சேர்ப்பதற்கு முன் எடுத்தபடியே இருக்கிறது. கம்பில் ஆடும் மனிதர்கள் நிஜமாகவே ஓடும் வண்டியின் மேல் ஆடியிருக்கிறார்கள் என்று அதைப் பார்த்தால்தான் நம்ப முடியும்.

பெரிய குறை, இயக்குநரின் விளக்க உரைத்தடம் இல்லை. 480 மணி நேரப் பதிவிலிருந்து எடிட்டர் மார்கரெட் சிக்செல் இரண்டு மணி நேரப் படத்தை எப்படி வெட்டினார் என்று காட்சிக்குக் காட்சி கேட்க முடியாதது வருத்தம்தான். எடிட்டிங்குக்கு ஆஸ்கர் வாங்கிய படத்தில் எடிட்டிங்குக்கென்று ஒரு தொகுப்பு இருந்திருக்க வேண்டும். 2016 இறுதியில் வந்த கறுப்பு வெள்ளைப் பதிப்பான ‘பிளாக் அண்ட் குரோம்’ இந்தப் பெட்டியில் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். மில்லருக்கு மிகவும் பிடித்த வடிவம் அது. முதல்முறை பார்க்கிறவர்கள் வண்ணத்தில் பார்த்துவிட்டு அதற்குப் போகலாம்.

4கே டிஸ்கில் தகவல் நெருக்கம் அதிகம். ப்ளூரேவில் பொருட்படுத்தாத ஒரு கைரேகை இதில் படத்தை உறைய வைக்கும். உறைந்தால் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். பிளேயரின் மின்சாரத்தைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பிறகும் அதே இடத்தில் நின்றால் டிஸ்க் பழுது, வேறு வேறு இடத்தில் நின்றால் லென்ஸில் தூசி. கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் ஸ்பீக்கர் ஒயரின் முனையை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடித்து ஒரு பக்கச் சத்தம் மெல்ல மெல்லக் குறையும். ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிந்து, புதிதாக உரித்து, தங்க முலாம் பூசிய பனானா பிளக்கில் முறுக்கினால் சரியாகிவிடும்.