காட்பாடி வீட்டில் 5.1 ஒலியமைப்பு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

காட்பாடியில் எங்கள் வீட்டு முன்னறை 14 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்டது. மொசைக் தரை, சிமென்ட் பூச்சுச் சுவர், மேலே கான்கிரீட் தளம் என்பதால் கைதட்டினால்கூடக் கணீரென்று எதிரொலிக்கும். இங்கே 5.1 ஒலியமைப்பை (ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிக்கெனத் தனியாக ஒரு சப்வூஃபரும்) பொருத்தியவர், அவற்றை இயக்கும் ரிசீவருடன் வந்த மைக்கைச் சோபாவின் சாய்மானத்தில் வைத்து, தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போதே, ஸ்பீக்கர்களின் தூரத்தையும் ஒலி அளவையும் ரிசீவரே கணிக்கும் தானியங்கி அளவீட்டை முடித்துவிட்டுப் போனார். வசனம் கேட்பதற்காக ஒலியைக் கூட்டுவதும், சண்டைக் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடுவதுமாக முதல் ஆறு மாதங்கள் கழிந்தன.

பிறகு நானே அளக்கத் துணிந்தேன். மைக்கை கேமரா முக்காலியில் காது உயரத்துக்கு நிறுத்தி, மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் அணைத்து, விடியற்காலை நான்கு மணிக்கு அளந்தேன். வேலூர் வெயிலில் பகலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார முடியாது. அதோடு, சரக்கு ரயில் ஒன்று கடந்து போனாலும் அதன் உறுமல் சப்வூஃபர் அளவீட்டில் கலந்துவிடுகிறது.

அளந்து முடித்ததும் ரிசீவர் காட்டிய ஒரு கணக்கு என்னைக் குழப்பியது. சப்வூஃபர் சோபாவிலிருந்து நாடா பிடித்தால் 10 அடி. ரிசீவரோ 15 அடி என்றது. கருவிதான் தவறு என்று எண்ணி நான் 10 ஆக்கியதும், முரசொலி அடர்த்தி இழந்து பொள்ளலாயிற்று. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது என்பதும், அந்தத் தாமதத்தையே ரிசீவர் தூரமாகக் கணக்கிடுகிறது என்பதும் பின்னரே புரிந்தன. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், அந்த 5 அடி ஏறக்குறைய நாலரை மில்லி விநாடிக்குச் சமம். மீண்டும் 15 ஆக்கினேன். இதற்கு மாறாக, முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் ‘லார்ஜ்’ (தாழ்ந்த ஒலியையும் தாமே தருபவை) என்று வகைப்படுத்தியதை நான் ஏற்கவில்லை. ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன்; அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும்.

ஆனாலும் பெரும் பலன் தந்தது சோபாவை நகர்த்தியதுதான். 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு நிலையலை (சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் ஒடுங்கியும் நிற்கும் ஒலியலை) உருவாகிறது. அறையின் நடுவில் அந்த அதிர்வெண் ஏறத்தாழ மறைந்துவிடும், எங்கள் சோபாவோ சரியாக நடுவில் கிடந்தது. அதை இரண்டடி பின்னுக்குத் தள்ளினேன். பிறகு சப்வூஃபருக்கு இடம் தேட, அதைத் தூக்கிச் சோபாவின் மேல் வைத்து, பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி ஒலி சீராகக் கேட்கும் இடத்தைத் தேடினேன். “என்னப்பா தொலைச்சே?” என்று கேட்ட அம்மாவுக்கு விளக்கம் சொல்வது அளவீட்டைவிடக் கடினமாக இருந்தது. சன்னலோர மூலை தேறியது; சப்வூஃபரை அங்கே வைத்தேன். தரையில் ஜமக்காளம் விரித்ததும் வசனத்தின் கூர்மை கூடியது.

ஒலி அளவு மீட்டரைச் சி எடையிலும் (தாழ்ந்த ஒலியையும் கணக்கில் கொள்ளும் அமைப்பு) மெதுவான நிலையிலும் வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 75 டெசிபலுக்குச் சரிசெய்தேன். கைப்பேசிச் செயலிகள் ஸ்பீக்கர்களை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும். தாழ்ந்த ஒலிக்கு அவற்றை நம்ப முடியாது. சரவுண்ட் ஸ்பீக்கர்கள் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னே, நேர் முன்திசையிலிருந்து 110 பாகை அளவில் உள்ளன. வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரை மட்டும் ஒன்றரை டெசிபல் கூட்டியிருக்கிறேன். இலக்கணப்படி அது பிழைதான், எனினும் அம்மா இப்போது வசனத்தைத் திரும்பக் கேட்பதில்லை.

கடந்த பொங்கலுக்குப் புதிய திவான் வந்ததால் மறுபடியும் அளக்க வேண்டியிருந்தது. ஷோகேஸ் கண்ணாடி மட்டும் குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த சுரத்தில் இன்னமும் ரீங்கரிக்கிறது. அதற்கு மடித்த அஞ்சலட்டை ஒன்றை இடுக்கில் செருகியிருக்கிறேன்.